‘டு-லெட்’ பலகை மாட்டுவதற்கு முன்



பணி ஓய்வுப் பணம் கைக்கு வருகிற மாதங்களில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறோம், குடிவருகிறவர் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கரூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இதைத்தான் கேட்டிருந்தார். ஷார்ஜாவிலிருந்து எழுதிய தம்பதியும் இதைத்தான் கேட்டார்கள். முப்பது வருடச் சேமிப்பைச் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் போட்டுவிட்டு, அதன் சாவியை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கப் போகிறோமே என்ற பயம் அந்தக் கடிதங்களில் தெரிகிறது. நியாயமான பயம்தான். அதனால் இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடித்தனக்காரர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியில் பாதிக்கு விடை, நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. குழாயில் உப்புத் தண்ணீர், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், படுக்கையறைச் சுவரில் ஓதம் என்று இருக்கிற வீட்டில், வேறு வீட்டுக்குப் போக வசதி உள்ளவர் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க மாட்டார். அவர் போன பிறகு வீடு இரண்டு மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும். அப்போது உங்களுக்குப் பதற்றம் வரும். யார் வந்தாலும் சரி என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுப்பீர்கள். இத்தனை வருடங்களில் வாசகர்கள் எழுதிய வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை அப்படி அவசரத்தில் கைமாறிய சாவியில் தொடங்கியவைதான். ஆகவே ஆளைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கும் முன்னால் கணக்கு.

75 லட்சம் ரூபாய் விலையில் ஒரு இரண்டு படுக்கையறை ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 6 லட்சத்து 75 ஆயிரம். புரோக்கர் கமிஷன், வக்கீல் செலவு, உள்ளே சின்னச் சின்ன மராமத்து எல்லாம் போக உங்கள் கையிலிருந்து போனது ஏறக்குறைய 83 லட்சம். மாத வாடகை 20,000 என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாக இருந்தால் 20,000 குறையும். சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் என்று இன்னொரு 30,000. மிஞ்சுவது 1 லட்சத்து 90 ஆயிரம். போட்ட பணத்துக்கு இது 2.3 சதவீதம்தான். வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் இன்னும் நிதானிக்க வேண்டும். 50 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை மாதம் 43,000-க்கு மேல். வாடகை வந்து தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால், காகிதமும் பேனாவும் எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

வீடு வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் மதிப்பு ஏறும். வாடகை காலத்தோடு உயரும். முதுமையில் மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும் என்ற நிம்மதி பெரியது. வருமான வரியிலும், சொத்து வரி கட்டியது போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2.3 சதவீதம் என்ற அந்த மெலிந்த எண்ணை மறக்காதீர்கள். வருடத்தில் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்து, அதோடு ஒரு பெரிய ரிப்பேரும் வந்தால், அந்த வருடத்து வருமானத்தில் பாதி போய்விடலாம். வாடகை வீட்டில் லாபம் என்பது, அதே குடும்பம் நாலு வருடம் அதே வீட்டில் நிம்மதியாக இருப்பதில்தான் இருக்கிறது. நான் இனிமேல் சொல்லப் போகிற எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

இனி வீடு. சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, அதில் உண்மையிலேயே தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? போர் எத்தனை அடி, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா? லாரித் தண்ணீர் வாங்கினால் மாதம் எத்தனை லாரி, செலவை யார் பகிர்ந்துகொள்கிறார்கள்? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது தண்ணீர் இல்லாததால்தான். அந்தக் கோடையை இந்தக் கட்டடம் எப்படிக் கடந்தது என்று அங்கே அப்போதே குடியிருந்த ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் மொட்டைமாடிக் குழாய் தொட்டியில் போய்ச் சேருகிறதா, தெருவில் கொட்டுகிறதா என்பதை நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கும் அசோசியேஷன் மற்ற விஷயங்களிலும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

தண்ணீர் இல்லாதது ஒரு கவலை என்றால் தண்ணீர் அதிகமாவது இன்னொரு கவலை. சித்திரை வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். வீடு பார்க்க நல்ல காலம் ஐப்பசியும் கார்த்திகையும். இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் பட்ட பாட்டை நம்மில் பலர் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மக்கள் படகில் வெளியேறினார்கள். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை. ஏரியும் சதுப்பும் இருந்த இடத்தில் தண்ணீர் தன் வழியைத் தேடி வரத்தான் செய்யும். ‘முதல் மாடிதானே, நமக்கென்ன’ என்று நினைக்க வேண்டாம். மின்மீட்டரும் மோட்டாரும் வண்டிகளும் கீழேதான் இருக்கின்றன. லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கினால் நாலாவது மாடியில் இருக்கும் வயதானவர் வாரக்கணக்கில் இறங்க முடியாது. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் தெருமுனை டீக்கடைக்காரர் கையை இடுப்பளவுக்கு வைத்துக் காட்டுவார்.

சுவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு நல்ல கட்டடப் பொறியாளரைக் கூட்டிப் போவதுதான் சரி. விலையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் ஒன்றுமே இல்லை. பூச்சில் தலைமுடி மாதிரி ஓடும் விரிசலைக் கண்டு பதற வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல், தூணிலும் பீமிலும் துரு வழிந்த கறை, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே புதிதாக அடித்த பெயின்ட், இவற்றைக் கண்டால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் கடற்காற்று சும்மா இருக்காது, பால்கனிக் கம்பியையும் ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பியையும் தின்னும். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால், ரெரா என்கிற மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பெற்ற பதிவு எண்ணைப் பாருங்கள். அந்தச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் தரம் என்பது வெறும் பண விஷயம் இல்லை என்று அன்று இந்த ஊருக்கே தெரிந்தது.

பத்திரம் விஷயத்தில் எப்போதும் சொல்வதுதான்: தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றிதழ், திட்ட அனுமதி, நிறைவுச் சான்றிதழ், பட்டா. ஃப்ளாட் என்றால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். பழைய ஃப்ளாட்டில் கட்டடத்தின் மதிப்பு தேய்ந்திருக்கும், மிஞ்சி நிற்பது அந்த நிலப் பங்குதான். மொட்டைமாடியில் அனுமதி இல்லாமல் கட்டிய அறையைக் காட்டி ‘இதிலும் ஒரு வாடகை வரும் சார்’ என்பார்கள். அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டைப் பார்த்த பிறகு தெருவைப் பாருங்கள். புரோக்கர் இல்லாமல், இன்னொரு நாள், தனியாக. வாடகைக்கு வாங்கும் வீட்டைப் பொறுத்தவரை அந்தத் தெருவில் எனக்கு மிகவும் நம்பகமான மனிதர் இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிறது, எந்த வீட்டில் பத்து வருடமாக அதே குடும்பம் இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார், எல்லாம் அவருக்குத் தெரியும். காலை எட்டரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்குத் தனியாக நடந்து வர முடியுமா என்றும் பாருங்கள். வேலைக்குப் போகும் இளம் பெண்கள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியாத தெருவில் உள்ள வீட்டை அவர்கள் பார்க்கக்கூட வர மாட்டார்கள். பார்க்கிங் இல்லாத வீட்டைக் கார் வைத்திருப்பவர் எடுக்க மாட்டார், இரண்டு பைக் வைத்திருப்பவரும் யோசிப்பார். அருகில் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்பதற்காக இன்றைக்கே கூடுதல் விலை கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். ரயில் ஓடத் தொடங்கும்வரை உங்கள் வாடகைதாரர் பள்ளத்தையும் தகரத் தடுப்பையும்தான் சுற்றிக்கொண்டு போவார்.

ஆண்டின் காலமும் ஒரு கணக்குதான். பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் சித்திரை, வைகாசியில் வீடு மாறுவார்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்குள். ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியாகும் வீடு ஆவணி வரைக்கும் பூட்டிக் கிடக்கும். எனவே ஒப்பந்தம் முடியும் மாதம் ஏப்ரலாகவோ மே மாதமாகவோ இருக்கும்படி முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய யோசனை இல்லைதான், ஆனால் ஒரு மாத வாடகையைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

இப்போது கடிதங்களில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீடு பார்க்க வருகிறவர் யார், எப்படித் தெரிந்துகொள்வது?

அவரைப் பற்றி முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கச் சொல்வார்கள். ஒரு திருத்தத்தோடு அதை ஏற்றுக்கொள்கிறேன். இப்போது இருக்கும் வீட்டின் ஓனரைக் கேட்டால் அவருக்கு ஆள் காலி செய்ய வேண்டும் என்ற அவசரம் இருக்கலாம், அதனால் வாயாரப் புகழ்வார். அதற்கு முந்தைய வீட்டின் ஓனரைக் கேளுங்கள். அவருக்கு இப்போது ஆதாயமும் இல்லை, பகையும் ஆறியிருக்கும். அவரிடம் ‘நல்ல மனுஷரா?’ என்று கேட்டால் எல்லோரும் நல்ல மனுஷர்தான். வாடகை எத்தனையாம் தேதி வரும், தாமதமானால் அவரே முன்கூட்டிச் சொல்வாரா, காலி செய்த அன்று வீடு எப்படி இருந்தது, திரும்ப வந்தால் வீடு கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

வருமானத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், மரியாதையோடு கேட்டால் போதும். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கின் சில மாத விவரம். குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகும் என்றால், ஒரு மருத்துவச் செலவு வந்தாலே முதலில் நிற்பது உங்கள் வாடகைதான். அப்படிப்பட்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு இந்த வீடு பாரம். அதை அவரிடமே பக்குவமாகச் சொல்லலாம். மாதச் சம்பளம் இல்லாதவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பத்து வருடமாக அதே தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், நேற்று கம்பெனியில் சேர்ந்தவரைவிட நிலையான ஆள்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ‘தண்ணீர் எப்படி? இந்தக் குழாய் ஒழுகுகிறதே, மாற்றித் தருவீர்களா? துணி எங்கே காயப்போடுவது? வாடகையில் ஐந்நூறு குறைத்துக்கொள்ள முடியுமா?’ இப்படித் துருவித் துருவிக் கேட்பவரைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள், வம்பு பிடித்த ஆள் என்று. எனக்கு அவரைத்தான் பிடிக்கும். இந்த வீட்டில் வாழப் போகிறோம் என்று நினைக்கிற மனிதர்தான் அதையெல்லாம் யோசிப்பார். எதையும் பார்க்காமல், எதுவும் கேட்காமல், ‘ஆறு மாத வாடகையை இப்பவே தந்துடறேன், இன்னைக்கே சாவி வேணும்’ என்பவரிடம்தான் நின்று நிதானிக்க வேண்டும். எத்தனை பேர் குடியிருப்பார்கள், உள்வாடகைக்கு விடுவாரா, வீட்டைக் கிடங்காகவோ கடையாகவோ பயன்படுத்துவாரா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துமூலம் அனுமதி தராமல் உள்வாடகைக்கு விட முடியாது என்பது சட்டத்திலும் இருக்கிறது. இன்னொன்றும் பார்ப்பேன்: வாட்ச்மேனிடமும், கூட வந்த புரோக்கர் பையனிடமும் அவர் எப்படிப் பேசுகிறார் என்று. உங்களிடம் எல்லோருமே பணிவாகத்தான் பேசுவார்கள்.

இங்கே மனம் நொந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் வீடு தேடிப் போகிறவரிடம் சம்பளத்துக்கு முன் கேட்கப்படும் கேள்வி ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பதுதான். நேராகக் கேட்கத் தயங்குபவர்கள் ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு?’ என்று சுற்றி வருகிறார்கள். ‘சைவம் மட்டும்’ என்ற பலகைக்குப் பின்னாலும் பல நேரம் அதே கேள்விதான் ஒளிந்திருக்கிறது. பெயரைக் கேட்டதுமே வீடு ஏற்கனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம் குடும்பங்களை எனக்குத் தெரியும். தலித் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜையில் இருக்கின்றன. கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண், திருநங்கை, வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர், கல்யாணம் ஆகாத மென்பொருள் பொறியாளர் என்று கதவு சாத்தப்படுபவர்களின் வரிசை நீளமானது. இது அநியாயம். ஒருவர் பிறந்த வீட்டையும் சாப்பிடும் சாப்பாட்டையும் காரணம் காட்டி அவருக்குக் கூரை மறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பணக் கணக்காகப் பார்த்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்கு எதையும் சொல்லாது. வாடகை ஐந்தாம் தேதி வருமா, சுவரில் ஆணி அடிப்பாரா, காலி செய்யும்போது தகராறு செய்வாரா என்பதற்குச் சாதியிலும் மதத்திலும் சமையலறையிலும் பதில் இல்லை. ‘நம்ம ஆளு’ என்று விசாரிக்காமல் வீடு கொடுத்துவிட்டு, எட்டு மாத வாடகை பாக்கியோடு நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களும் நமக்கு எழுதியிருக்கிறார்கள். விசாரணை என்று எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்யாமல் விட்டதற்கு இந்தக் கேள்வியே சாக்காகிவிடுகிறது. ஊர் முழுக்க மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குக் கௌரவமாக வீடு கொடுத்துப் பாருங்கள். அவ்வளவு சுலபத்தில் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டார்கள்.

ஒப்பந்தம் பற்றி இப்போதும் பலருக்குப் பழைய நினைப்பே இருக்கிறது: 20 ரூபாய் பத்திரத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் போதும் என்று. 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ளலாம். ஆனால் எழுதியதை நடுவில் மாற்ற முடியாது. வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். நம் ஊர் வழக்கமோ இன்னும் பத்து மாத அட்வான்ஸை விடவில்லை. பராமரிப்பை யார் செய்வது என்பதற்கும் அதில் பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பது, கட்டடத்தின் பெரிய பழுது, குழாய் வரிசையையும் வயரிங்கையும் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. கோபத்தில் மோட்டாரை ஆஃப் செய்கிற வீட்டுக்காரர், நியாயம் தன் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்கத் தயாராகிறார்.

நீங்கள் வாங்கும் பத்து மாத அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. 2 லட்சத்தை வாங்கிப் பெண் கல்யாணத்துக்கோ பைக்குக்கோ செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனம் வந்தால்தான் திருப்பித் தர முடியும் என்று நிற்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. காலி செய்பவருக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸ் கட்ட வேண்டும், அவர் எங்கே போவார்? வாங்கிய அன்றே அதைத் தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள். அட்வான்ஸ் நாள் தவறாமல் திரும்பக் கிடைக்கும் வீடு என்ற பெயர் அந்த அப்பார்ட்மென்டில் பரவினால், அடுத்த குடித்தனக்காரரை உங்கள் பழைய குடித்தனக்காரரே அழைத்து வருவார். புரோக்கர் தேவைப்படாது.

மின்சாரமும் அப்படித்தான். வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் நாலு போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறவர்கள், குடியிருப்பவருக்குச் சேர வேண்டிய சலுகையையும் தடுத்துவிட்டு அதற்கு மேலும் பணம் பறிக்கிறார்கள். தனித்தனி இணைப்பு வாங்கித் தந்துவிட்டால் மாதாமாதம் நடக்கும் ஒரு சண்டை நின்றுபோகும்.

வாடகையை ஏற்றும்போதும் கணக்குப் பாருங்கள். இருக்கும் குடும்பத்திடம் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டால் வருடத்துக்கு 12,000 கிடைக்கும். அவர்கள் மறுத்துக் காலி செய்தால் ஒரு மாத வாடகை 20,000 போகும், பெயின்ட் செலவு அதற்கு மேல், புரோக்கருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். ஒழுங்காக வாடகை தருபவரிடம் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து வாங்குவது தர்மம் இல்லை, நல்ல வியாபாரம். வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சொந்த வீடுதானே என்று ஞாயிறு மத்தியானம் திடீரென்று போய் நிற்காதீர்கள். அது உங்கள் சொத்து, ஆனால் அவர்களுடைய வீடு.

ஷார்ஜா தம்பதிக்கும், அவர்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தனியாகச் சில வரிகள். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், உங்களுக்கு வாடகை தருபவர் அதில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். ஊரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மாதம் 50,000-க்கு மேல் வாடகை தந்தால் மட்டுமே பிடிக்க வேண்டிய 2 சதவீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பல குடித்தனக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் தயங்குவார்கள். ஆகவே வீடு காட்டும்போதே சொல்லிவிட்டு, கட்டும் வேலைக்கு ஒரு ஆடிட்டரை நீங்களே ஏற்பாடு செய்துகொடுங்கள். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று வாய்வார்த்தையில் விடாமல் குழாய் ஒழுகினால் போய் நிற்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்து மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். விடுமுறையை ஒரு முறையாவது நவம்பரில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கரூர் ஆசிரியைக்கு என் பதில் இது. உங்கள் பணம் முழுவதையும் ஒரே ஃப்ளாட்டில் போடாதீர்கள், மருத்துவத்துக்கென்று ஒரு பங்கை வங்கியில் வைத்துவிடுங்கள். வாங்குவதானால், பெரிய புது வீட்டைவிட, பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் இருக்கும் பழைய, சிறிய, நல்ல தண்ணீர் உள்ள வீடாகப் பாருங்கள். போட்ட பணத்துக்கு வாடகை கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வீட்டில்தான், காலியாகக் கிடக்கும் நாளும் குறைவு. சென்னைதான் வேண்டும் என்றும் இல்லை. கரூரிலேயே நீங்கள் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தெருவில் ஒரு வீடு இருந்தால், அந்தத் தெருவின் இஸ்திரிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்தவர்கள்தானே. பாதி விசாரணை முடிந்த மாதிரி.

இதுவரை வீட்டுக்காரர்கள் பக்கம் நின்றே பேசியிருக்கிறேன். நம் வாசகர்களில் பெரும் பகுதியினர் வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த இதழில் கடிதப் பக்கங்களை உங்களுக்காக ஒதுக்குகிறோம். எந்த வீட்டில் அதிக வருடம் இருந்தீர்கள், எது உங்களை அங்கே இருக்க வைத்தது, எந்த வீட்டை எதற்காக விட்டுப் போனீர்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் பெயரும் முகவரியும் வேண்டாம். தண்ணீர், வாடகை, அட்வான்ஸ் திரும்பி வந்த விதம், இவற்றை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வீடு வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டப் போகிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்